இடுப்பில் ஒரு குடம்: கேம் டிசைன் படித்த மூன்று வருடம்

கேம் டிசைன் படிக்கப் போகிறேன் என்று 2021-இல் வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆன்லைன் ரம்மி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களைப் பற்றிய செய்தி அப்போது பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. "படிச்சு முடிச்சு நீயும் அது மாதிரி ஒண்ணு செய்வியாம்மா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அப்படியானால் என்ன செய்வாய் என்ற அடுத்த கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். படித்தது சென்னையில், ஒரு தனியார் கல்லூரியில், மூன்று வருட பி.எஸ்ஸி. இந்தப் படிப்பில் சேரலாமா என்று தம்பி தங்கைகள் இப்போது போன் செய்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சேர்வதற்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போனால் கம்ப்யூட்டர் லேபைக் காட்டுவார்கள். வரிசையாகப் பெரிய மானிட்டர்கள், வண்ண விளக்கு எரியும் கீபோர்டுகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. முந்தைய பேட்ச் மாணவர்கள் முடித்த கேம் ஒன்றைத் தரச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். வீடியோ காட்டினால் போதாது, கையில் வாங்கி ஆட வேண்டும். அப்புறம், குழுவாகச் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் எத்தனை செமஸ்டர் வருகிறது என்றும், பாடம் நடத்துபவர்களில் ஒரு கேமையாவது வெளியிட்டவர் யார் என்றும் கேளுங்கள். நான் இதில் எதையும் கேட்காமல்தான் சேர்ந்தேன். நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தது என் அதிர்ஷ்டம்.

அந்த ஆசிரியர் முதல் செமஸ்டரில் எங்களைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. முதல் வாரம் தாயக்கட்டையைக் கொண்டு வந்து மேஜையில் போட்டார். ஆளுக்கு ஒரு விதியை மட்டும் மாற்றி ஆடிப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதி வரச் சொன்னார். தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்ற விதியை எங்கள் குழு எடுத்துவிட்டது. எந்த எண் விழுந்தாலும் இறக்கலாம் என்று வைத்தோம். ஆட்டம் வேகமாகத்தான் போனது, ஆனால் பத்தே நிமிடத்தில் சப்பென்று ஆகிவிட்டது. கட்டையை உருட்டும்போது "தாயம், தாயம்" என்று கத்துகிற சத்தமே வகுப்பில் கேட்கவில்லை. வெட்டி எறிந்த அந்த ஒரு விதிதான் அத்தனை பேரையும் கட்டையையே பார்க்க வைத்திருக்கிறது. டிசைனர் எழுதுவது விதியை. அந்த விதி ஆட்டத்தில் ஒரு போக்கை உண்டாக்கும். அந்தப் போக்கு ஆடுபவருக்குள் ஒரு உணர்ச்சியைக் கிளப்பும். 2004-இல் ஹனிக்கே, லெப்ளாங்க், ஜூபெக் என்ற மூவர் எழுதிய எம்.டி.ஏ. (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ்: விதி, போக்கு, உணர்ச்சி) கட்டுரை இதைத்தான் விளக்குகிறது, பல கேம் படிப்புகளில் அது பாடமாக வரும். ஆனால் எனக்கு அது புரிந்தது அந்தத் தாயக்கட்டைச் சத்தம் நின்றபோதுதான்.

முதல் வருடத்திலேயே, 2022 பிப்ரவரி பட்ஜெட்டில், அனிமேஷன், கேமிங் துறைகளை வளர்க்க ஒரு பணிக்குழு அமைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். கேட்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்ட அவருக்கு ஒரு காகிதம் கிடைத்தது.

இரண்டாம் வருடம் கருவிகளைக் கற்றுக்கொள்வதிலேயே போனது. கேமைக் கட்டும் மென்பொருளான யூனிட்டி எஞ்சின், அதில் ப்ரோக்ராம் எழுத சி ஷார்ப், உருவங்கள் செய்ய ப்ளெண்டர். 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்கும் கேம் ஜாம் இரண்டில் கலந்துகொண்டேன். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. யூடியூபில் எல்லாமே இலவசமாக இருக்கிறது, உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பாடத்தைப் பார்த்து அப்படியே செய்வதோடு நிறுத்தாமல், செய்து முடித்த பிறகு அதில் ஒரு விஷயத்தையாவது மாற்றுங்கள். மாற்றும்போதுதான் எது எதோடு கட்டியிருக்கிறது என்று தெரியும்.

சொல்ல வேண்டியதெல்லாம் மூன்றாம் வருடத்தில்தான் இருக்கிறது.

இறுதி ப்ராஜெக்டுக்கு ஐந்து பேர் சேர்ந்தோம். இரண்டு பேர் ப்ரோக்ராம் கோடு எழுத, ஒருத்தி படமும் அனிமேஷனும், ஒருவன் ஒலியும் லெவலும். டிசைனும் ப்ரொடக்ஷனும் என் பொறுப்பு. யார் எதை எப்போது முடிப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொள்வதுதான் ப்ரொடக்ஷன். கதை என்னுடையது. ஒரு கரிசல் காட்டு ஊரில், ஒரு சிறுமி ஊருக்கு வெளியே உள்ள அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தை இடுப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். வழியில் கல், மேடு, நாய், எதிரே வரும் சைக்கிள். தளும்பினால் தண்ணீர் குறையும். சின்ன வயதில் நான் தினமும் செய்த வேலை அது.

ஆர்வத்தில் 64 பக்கத்துக்கு டிசைன் டாக்குமென்ட் எழுதினேன். பன்னிரண்டு லெவல், நான்கு பருவ காலம், ஒரு பெட்டிக்கடை, பேசக்கூடிய பதினாறு ஊர்க்காரர்கள். ஆசிரியர் முதல் மூன்று பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார். "குடம் தளும்புறது எனக்குக் கையில தெரியணும்மா. அது வர்ற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க" என்றார்.

அதனால் சிறுமிக்குப் பதில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, குடத்துக்குப் பதில் இன்னொரு பெட்டி, தரை ஒரு வெறும் தட்டு என்று வைத்துத் தொடங்கினோம். தண்ணீரை உண்மையான திரவமாகக் கணக்கிட எங்கள் லேப்டாப் தாங்காது. குடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊசல் தொங்குவதாக வைத்துக்கொண்டோம். நடக்க நடக்க ஊசல் ஆடும், ஓர் அளவுக்கு மேல் ஆடினால் தண்ணீர் வெளியே போகும். ஆடுபவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊசல் அடங்கும். கேமின் மொத்த உயிரும் இதில்தான் இருந்தது. இந்தப் பெட்டியை நகர்த்தி நகர்த்தி ஐந்து வாரம் போனது.

செப்டம்பரில் ஹாஸ்டலில் முதல் ப்ளேடெஸ்ட், அதாவது மற்றவர்களை ஆடவிட்டுப் பார்க்கும் சோதனை, வைத்தோம். முதல் பையன் கீபோர்டைப் பிடித்ததும் நான் பக்கத்தில் நின்று, "அங்க இல்ல, லெஃப்ட்ல சாய்ங்க, க்யூ பட்டன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைப் பின்னால் போட்டு உட்கார வைத்தார். வாயைத் திறக்கக் கூடாது, கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது, எந்த நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். அன்று பதினொரு பேர் ஆடினார்கள். ஒன்பது பேருக்குச் சாய்வதற்கு ஒரு பட்டன் இருப்பதே தெரியவில்லை. திரையில் எழுதித்தான் போட்டிருந்தோம், யாரும் படிக்கவில்லை. ஒருத்தர் குடம் காலியாகி இரண்டு நிமிடம் கழித்தும் நடந்துகொண்டே இருந்தார். வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்தது இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். நாம் கேமோடு கூடவே போய் ஒவ்வொருவர் வீட்டிலும் விளக்கம் சொல்ல முடியாது. அது தன்னைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரையை மறுபடி ஆடிப் பார்த்தோம். விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல், முன்னால் ஒரு குட்டி எதிரி மெதுவாக வருவதை வைத்தே குதிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நாங்களும் எழுத்தை எடுத்தோம். ஆரம்பத்தில் சிறுமி காலிக் குடத்தோடு பம்புக்கு நடப்பாள், பயம் எதுவும் இல்லை. தண்ணீர் நிரம்பியதும் அவள் முதல் அடியிலேயே வலது பக்கம் சரிவாள், தண்ணீர் விளிம்பைத் தொட்டு நிற்கும். அந்த நேரம் தண்ணீர் நகராமல் ஒரு நொடி காத்திருக்கும்படி வைத்தோம். அந்த ஒரு நொடியில் கை தானாக எதிர்ப்பக்கப் பட்டனைத் தேடியது. அடுத்த டெஸ்டில் பத்துக்கு எட்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே செப்டம்பரில், 2023-இல், யூனிட்டி நிறுவனம் கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. வகுப்பே கலங்கியது. பாதிப் பேர் கோடோ என்ற இன்னொரு எஞ்சினுக்கு மாறப் போவதாகச் சொன்னார்கள். படித்துப் பார்த்தால், இரண்டு லட்சம் டாலர் வருமானமும் இரண்டு லட்சம் இன்ஸ்டாலும் தாண்டினால்தான் அந்தக் கட்டணம். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் மாறவில்லை. அடுத்த வருடம் அந்த நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் அந்த வாரம் எனக்கு உறைத்தது: ஒரு எஞ்சினின் பட்டன்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் பயந்தார்கள்.

நவம்பரில் நான்கு நாள் வேலை போனது. படம் செய்யும் தோழி ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மாடல் ஃபைல்களை யூனிட்டிக்கு வெளியே, விண்டோஸிலேயே வெட்டி ஒட்டிவிட்டாள். ஒவ்வொரு ஃபைலோடும் மெட்டா என்ற குட்டி ஃபைல் ஒன்று இருக்கும், அதில்தான் அந்த ஃபைலின் அடையாள எண் இருக்கிறது. அது கூடவே நகரவில்லை. திறந்தால் வீடு, மரம், குடம் ஒன்றும் காட்சியில் இல்லை. அதே நாளில் இரண்டு கோடர்களும் ஒரே சீனை (கேமின் ஒரு காட்சி ஃபைலை) திறந்து தனித்தனியாக மாற்றி வைத்திருந்தார்கள். மாற்றங்களைப் படிப்படியாகச் சேமித்து வைக்கும் கிட்டில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றால், கடைசியாக கமிட் செய்தது, அதாவது அதில் பதிந்தது, நான்கு நாளுக்கு முன். அந்தத் தவறு என்னுடையது, பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லோரும் கமிட், யார் எந்த சீனைத் தொடுகிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி, ஃபைலை நகர்த்துவதென்றால் யூனிட்டிக்குள் மட்டும். சின்னச் சின்னப் பொருள்களைத் தனித்தனி ப்ரிஃபேபாக (தனி ஃபைலில் இருக்கும் பொருளாக) பிரித்தோம், ஒரே சீனில் முட்டிக்கொள்வது குறைந்தது.

அந்த நான்கு நாளை ஈடுகட்ட எதையாவது விட வேண்டும். பன்னிரண்டு லெவலை மூன்றாக்கினேன். பெட்டிக்கடை போனது. பதினாறு ஊர்க்காரர்களில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். வலித்தது. ஆனால் அதன் பிறகுதான் ஐந்து பேரும் ராத்திரி தூங்க ஆரம்பித்தோம். வேலைக்கான இன்டர்வியூவில் பின்னால் என்னிடம் அதிக நேரம் கேட்டது இதைப் பற்றித்தான்: எதை வெட்டினாய், ஏன் வெட்டினாய், குழுவிடம் எப்படிச் சொன்னாய். அதனால் வெட்டியதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பொங்கல் லீவுக்கு லேப்டாப்பை ஊருக்கு எடுத்துப் போனேன். சித்தி மகன் ஆட, ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அப்போது சிறுமிக்கு முழு உருவம் வந்திருந்தது, நடையும் வந்திருந்தது. எங்களுக்கு அதில் பெருமை. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இவ ஏன் நேரா நடக்கா? இடுப்புல குடம் இருந்தா எவ நேரா நடப்பா?" என்றாள்.

எழுந்து போய் அடுப்படியிலிருந்து பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தண்ணீரோடு எடுத்து வந்தாள். இடது இடுப்பில் ஏற்றி, இடது கையால் கழுத்தைச் சுற்றி அணைத்துக்கொண்டாள். உடம்பு வலது பக்கம் வளைந்தது. வலது கை உடம்பை விட்டு விலகித் துடுப்பு மாதிரி போய் வந்தது. அடி சின்னச் சின்னதாக, பாதத்தைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல். இடுப்பு மேலும் கீழும் போகவே இல்லை, தண்ணீர் அப்படியே நின்றது. எழுபத்தாறு வயதில் முற்றத்தை இரண்டு சுற்று நடந்தாள். போனில் எடுத்துக்கொண்டேன். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தூரமா போறப்ப வேப்பங்குழைய ஒடிச்சுத் தண்ணிக்கு மேல போட்டுக்கிடுவோம். தளும்பாது" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. ஊசல் கணக்கில், ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதற்கு டேம்பிங் என்று ஒரு எண் உண்டு. வேப்பங்குழை செய்வது அதே வேலை. மூன்று மாதமாக அந்தக் கேமில் ஆடுபவருக்கு உதவியாக எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நட்சத்திரம், பச்சை விளக்கு என்று ஏதேதோ வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். சென்னைக்குத் திரும்பியதும் வழியில் ஒரு வேப்பமரம் வைத்தோம். நின்று குழையை ஒடித்தால் நேரம் போகும், ஆனால் குடம் அடங்கும். இரண்டாம் லெவலின் மொத்த முடிவும் அந்த மரத்தடியில்தான். தோழி ஆச்சியின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அடியையும் வரைந்து நடையை முதலிலிருந்து செய்தாள்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு செய்த தண்ணீர்ச் சத்தம் இணையத்தில் எவ்வளவோ கிடைக்கிறது, எல்லாமே ஓடை, அருவி, கடல். ஹாஸ்டல் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, பாதி, முக்கால், முழுசு என்று தண்ணீரை மாற்றி ஆட்டி ராத்திரி ஒரு மணிக்குப் பதிவு செய்தோம். முக்கால் குடத்துக்கு ஒரு கனத்த 'களுக்' உண்டு. அதைச் சேர்த்துவிட்டு, எண்கள் எதையும் மாற்றாமல் ஆடக் கொடுத்தோம். "இப்ப குடம் வெயிட்டா இருக்கு, என்ன மாத்தினீங்க?" என்று நான்கு பேர் கேட்டார்கள்.

பிப்ரவரி ரெவ்யூவில் கேம் எங்களைக் கைவிட்டது. என் லேப்டாப்பில் அழகாக ஆடிய குடம், லேபின் பெரிய மெஷினில் நடக்க ஆரம்பித்த உடனே மொத்தமாகக் கொட்டியது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கொட்டியது. காரணம் இதுதான்: என் லேப்டாப் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், காட்டும், அந்த மெஷின் 144. ஊசலின் அசைவை நேரத்தோடு பெருக்காமல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இவ்வளவு என்று கூட்டியிருந்தோம். அதனால் அங்கே குடம் 2.4 மடங்கு வேகமாகத் தளும்பியது. இரண்டு ஃப்ரேமுக்கு இடையிலான நேரத்தைக் குறிக்கும் டெல்டா டைம் என்ற ஒரே சொல் விட்டுப்போனதால் வந்த வினை. முதல் வருடமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. எங்களுக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம், ஐந்து மாதமாக நாங்கள் டெஸ்ட் செய்தது எங்கள் ஐந்து லேப்டாப்பில் மட்டும்தான். எவ்வளவு பழைய மெஷின், எவ்வளவு புதிய மெஷின் கிடைக்கிறதோ, இரண்டிலும் மாதம் ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள்.

தமிழில் கேம் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துக் கருவி, நாங்கள் செய்த காலத்தில், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டு வந்து வைக்கத் தெரியாதது. 'கேணி' என்று அடித்தால் ககரத்துக்குப் பின்னால் கொம்பு போய் நின்றுவிடும், பார்ப்பவர் 'கணே' என்று தொடங்கிப் படிப்பார். தாய்மொழி திரையில் இப்படி உடைந்து கிடந்ததைப் பார்த்துத் தோழி அழுதேவிட்டாள். யூனிகோடு எழுத்தைப் பழைய பாமினி முறைக்கு மாற்றி, பாமினி எழுத்துருவைப் போட்டுச் சமாளித்தோம். கோடோ 4 தமிழ் எழுத்தைத் தானாகவே சரியாகக் காட்டுகிறது. தமிழ் வசனம் அதிகம் உள்ள கேம் என்றால் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன் முதல் நாளே ஒரு வரி அடித்துப் பாருங்கள், 'கொ', 'ரு', 'ணை' எல்லாம் வருகிற மாதிரி.

அந்த உழைப்பெல்லாம் வீண்தானோ, தமிழில் யார் ஆடப் போகிறார்கள் என்று தோன்றும்போது எங்களைத் தாங்கியது 'வெண்பா' என்ற கேம். டொரான்டோவின் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மாவின் சமையலறை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் முடித்தோம். 2024 ஏப்ரலில், எங்கள் கடைசி மாதத்தில், அதற்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது கிடைத்தது. அப்பா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "இது மாதிரியாம்மா நீங்க செய்றது?" என்றார். இது மாதிரிதான்பா என்றேன். முதல் வருடம் சொல்லத் தெரியாத பதில் அது.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசைனர் என்ற பெயரிலேயே முதல் வேலை கிடைப்பது அபூர்வம். எங்கள் குழுவில் ஒருவன் டெஸ்டிங்கில் சேர்ந்தான், தோழி வெளிநாட்டுக் கேம்களுக்குப் பொருள்கள் செய்து தரும் ஸ்டுடியோவில். நான் பெங்களூரில் ஒரு மொபைல் கேம் நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்து, ஏழு மாதம் கழித்து லெவல் பக்கம் வந்தேன். ஸ்டுடியோக்கள் பெங்களூர், ஹைதராபாத், புனே என்று இருப்பதால் ஊரை விடத் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. கேம்களை வெளியிடும் இட்ச் இணையதளத்தில் இலவசமாக ஏற்றி வைத்திருந்த கேமைத்தான் திறந்து ஆடினார்கள். மூன்று லெவல்தான், ஆனால் முடித்த மூன்று லெவல்.

கல்லூரிக் கண்காட்சி ஏப்ரல் கடைசியில் நடந்தது. மாணவர்கள், பெற்றோர், ஸ்டுடியோக்காரர்கள் என்று வந்து போனார்கள். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு, தளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்கள் திரைக்கு முன் நின்றுவிட்டார். "இது அடிபம்பு தானே?" என்றார். ஆடிப் பாருங்கக்கா என்று கன்ட்ரோலரைக் கொடுத்தேன். இதுவரை ஒன்றைப் பிடித்ததில்லை என்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் பின்னால் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். காலிக் குடத்தோடு பம்பு வரை நடந்தார். தண்ணீர் நிரம்பியது. முதல் அடியில் சிறுமி சரிந்ததும் அக்கா, "ஐயோ, கொட்டுது!" என்று சொல்லிக்கொண்டே தன் இடுப்பை இடது பக்கம் இழுத்தார். விரலும் கூடவே அழுத்தியது. நாயைத் தாண்டினார். மேட்டில் கொஞ்சம் கொட்டியது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். அங்கே அம்புக்குறி எதுவும் நாங்கள் வைக்கவில்லை.

"குழை ஒடிக்கலாமா இதுல?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

பதில் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. அவர் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.